நம்மூர் இரயில் நிலையம்



நம் திருப்பூரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பஞ்சையும் பனியனையும் சொல்வர், நொய்யலைச் சொல்வர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்று, நாம் நாள்தோறும் பார்த்தும் பாராமல் கடந்து செல்லும் நம் இரயில் நிலையம்.

தென்னாட்டின் முதல் இருப்புப் பாதை, 1856-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. மதராஸ் இரயில்வே கம்பெனியார் அதனை மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூருடன் இணைக்க விழைந்தனர். கிழக்கே சேலத்திலிருந்தும் மேற்கே பேப்பூரிலிருந்தும் வேலை நடைபெற்று, 1862-இல் சங்ககிரிக்கும் போத்தனூருக்கும் இடையே எஞ்சியிருந்த பகுதி முடிவுற்றது. அந்தப் பாதையில்தான் திருப்பூர் அமைந்தது. கோவைக்கும் ஈரோட்டுக்கும் ஏறத்தாழ நடுவே, இருபுறமும் ஐம்பது கிலோமீட்டர் அளவில் நாம் இருக்கிறோம்.

அந்நாளில் நம்மூர் பல்லடம் தாலுகாவைச் சேர்ந்தது. பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் கிட்டாத இருப்புப் பாதை நமக்குக் கிட்டியது. சுற்றுப்புறக் கரிசல் காடுகளில் விளைந்த பருத்தி, வண்டி மாடுகளின் துணையால் இங்கே வந்து கூடியது. சந்தை பெருகியது, பஞ்சு அரைக்கும் ஆலைகள் எழுந்தன. பின்னர் காதி இயக்கத்தின் முக்கிய கேந்திரமாகவும் நம்மூர் விளங்கியது. 1932 ஜனவரியில் கொடி காத்த குமரன் தடியடிபட்டு உயிர்நீத்த ஊரும் இதுவே. அவருடைய நினைவகம் இரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது.

நிர்வாகம் பலமுறை கைமாறியது. 1908-இல் இப்பாதை தென்னிந்திய இரயில்வேயிடம் சென்றது. 1951-இல் தெற்கு இரயில்வே உருவாயிற்று. பாலக்காடு கோட்டத்தில் இருந்த நம் நிலையம் 2007-இல் புதிய சேலம் கோட்டத்தில் சேர்ந்தது. 2023-இல் தொடங்கிய சென்னை – கோவை வந்தே பாரத் வண்டியும் இங்கே நின்று செல்கிறது.

ஆயினும் ஒரு நிலையத்தின் பெருமை விரைவு வண்டிகளால் மட்டும் அமைவதன்று. ஒருபுறம் வஞ்சிப்பாளையம், சோமனூர், இருகூர். மறுபுறம் வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி, விஜயமங்கலம், ஈங்கூர். இவ்வூர்களிலிருந்து சீசன் டிக்கெட்டும் தூக்குப் போசியுமாகப் பாசஞ்சர் வண்டியில் வந்து, ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் மக்களே இதன் உண்மையான உரிமையாளர்கள். அவ்வண்டி அரைமணி தாமதித்தால் ஒருவருடைய அரைநாள் கூலி போய்விடக்கூடும். ஏற்றுமதிச் சரக்கு பெரும்பாலும் லாரிகளில் தூத்துக்குடி துறைமுகம் செல்கிறது. அதனைத் தைக்கும் கைகளோ இரயிலில் வருகின்றன.

இன்று அக்கைகள் வெகுதொலைவிலிருந்தும் வருகின்றன. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் மாநில இளைஞர்கள் தன்பாத் – ஆலப்புழை வண்டியிலும் பிறவற்றிலும் வந்து, ஒற்றைப் பையுடன் நம் பிளாட்பாரத்தில் இறங்குகிறார்கள். 2020 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கின்போது, அவர்களைச் சொந்த ஊர் சேர்க்கச் சிறப்பு இரயில்கள் இங்கிருந்து புறப்பட்டன. அவர்கள் இன்றி மிஷின்கள் எவ்வளவு ஓடும் என்பதை அந்த நாட்களில் ஊரே உணர்ந்தது. மறுபடியும் அதே நிலையத்தின் வழியாகவே அவர்கள் திரும்பி வந்தனர்.

நம்மில் பலருடைய குடும்பங்களும் ஒரு காலத்தில் வேறு ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவைதாம். மதுரையிலிருந்தோ, திண்டுக்கல்லிலிருந்தோ, நெல்லைச் சீமையிலிருந்தோ வந்து, யாரோ ஒருவர் வழிகாட்ட, இங்கே வேரூன்றினோம். ஆகையால், மொழி தெரியாமல் விலாசச் சீட்டை நீட்டி நிற்கும் ஒருவரைக் காணும்போது, முகம் சுளிக்காது வழி சொல்வோமாக. வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் மனிதராக மதித்துப் பேசுவோமாக. இருப்புப் பாதை ஊரையும் ஊரையும் இணைத்துவிட்டது. மனிதரையும் மனிதரையும் இணைக்கும் வேலை நம்முடையது.