மார்ச் 6 வந்தது, போனது: ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன் கொஞ்சம் வரலாறு



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கணினித் திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது, கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே பணம் கட்டிப் புதுப்பிக்கவும் என்பது அதன் சாரம். மூடினால் பத்து நிமிடத்தில் மறுபடியும் வரும். அப்பா வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பவர். மூன்று மளிகைக் கடை, ஒரு டைல்ஸ் கடை, ஒரு மருந்துக் கடை என ஐந்து பேருடைய ஜி.எஸ்.டி. கணக்கும் அந்த ஒரே கணினியில்தான் இருக்கிறது.

"என்னடா, இதுக்குப் பணம் கட்டணுமா, இல்ல சும்மா மிரட்டுதா? நீதான் காலேஜ் படிக்கிறியே" என்றார்.

நான் படிப்பது பி.காம். ஆனாலும் அப்பா கேட்டது சரியான கேள்வி. காப்பாற்றுகிறதா, மிரட்டுகிறதா? ஆன்டிவைரஸ் வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆரம்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971ல் அமெரிக்காவில் பாப் தாமஸ் என்பவர் ஆர்பாநெட் வலையமைப்பில் கணினி விட்டுக் கணினி தாவும் 'க்ரீப்பர்' என்ற நிரலைச் சோதனைக்காக எழுதினார். அதைத் துரத்திப் பிடித்து அழிக்க 'ரீப்பர்' என்று இன்னொன்று வந்தது. அதை எழுதிய ரே டாம்லின்சன்தான் நமக்கு இமெயிலையும் தந்தவர். 1982ல் பிட்ஸ்பர்க் பக்கம் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவன் ஆப்பிள் 2 கணினிகளுக்கு 'எல்க் க்ளோனர்' என்ற வைரஸை எழுதினான். பிளாப்பியிலிருந்து ஐம்பதாவது முறை கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு கவிதை வரும். அவ்வளவுதான் அதன் வில்லத்தனம்!

ஐ.பி.எம். வகைக் கணினிகளுக்கு வந்த முதல் வைரஸ் நம் பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. 1986ல் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்க 'பிரெய்ன்' என்ற நிரலை எழுதினார்கள். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். பிளாப்பி வழியாக அது உலகம் முழுக்கப் பரவ, எங்கெங்கிருந்தோ போன் வந்ததாம். 2011ல் ஃபின்லாந்தின் பாதுகாப்பு ஆய்வாளர் மிக்கோ ஹைப்பொனன் அந்த முகவரியைத் தேடிக்கொண்டு போனபோது, சகோதரர்கள் அதே இடத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

வைரஸ் வந்ததும் மருந்துக் கடையும் வந்தது. 1987ல் ஜான் மெக்காஃபி கலிஃபோர்னியாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முறை எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் வரவேண்டிய ஒன்று. மென்பொருளை எல்லாரும் தொலைபேசி வழியாக இறக்கிக்கொள்ளலாம். பயன்படுத்தும் கம்பெனிகள் உரிமக் கட்டணம் கட்டவேண்டும். வீட்டில் பழகியவன் அலுவலகத்திலும் அதையே கேட்பான் அல்லவா? 1991ல் நம் சென்னையிலேயே கே7 தொடங்கியது. மாஸ்கோவில் யூஜீன் காஸ்பர்ஸ்கி 1989ல் தன் கணினியில் 'கேஸ்கேட்' வைரஸைப் பார்த்தார். திரையில் உள்ள எழுத்துகள் பொலபொலவென்று கீழே உதிரும். அதை நீக்க எழுதிய நிரலில் இருந்து வளர்ந்ததுதான் அவர் தொழில்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

1991ல் 'மைக்கலாஞ்சலோ' என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கணினியின் வட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மார்ச் 6ஆம் தேதி கணினியைப் போட்டால், ஹார்டு டிஸ்கின் தொடக்கப் பகுதியைக் குப்பையால் நிரப்பிவிடும். உள்ளே இருப்பதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. அந்தத் தேதி ஓவியர் மைக்கலாஞ்சலோவின் பிறந்தநாள் என்று யாரோ கவனித்ததால் அந்தப் பெயர். வைரஸுக்குள் அவர் பெயர் எங்கும் கிடையாது.

1992 பிப்ரவரியில் அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. எத்தனை கணினிகள் பாதிக்கப்படும் என்று நிருபர்கள் கேட்டதற்கு மெக்காஃபி சொன்ன உச்ச எண்ணிக்கை 50 லட்சம். தலைப்புச் செய்திகளில் அந்த 50 லட்சமே நின்றது. கடைகளில் ஆன்டிவைரஸ் பெட்டிகள் தீர்ந்துபோயின. "மார்ச் 6 அன்று கணினியைத் தொடாதீர்கள், இல்லையென்றால் தேதியை முன்கூட்டியே மாற்றி வையுங்கள்" என்று அறிவுரை. (தேதியை மாற்றுவது ஒரு பைசா செலவில்லாத வைத்தியம். அதற்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?)

மார்ச் 6 வந்தது, போனது. உலகம் முழுவதும் சேர்த்துப் பாதிப்பு சில ஆயிரங்களிலிருந்து இருபதாயிரம் வரைதான் இருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். எச்சரிக்கை செய்ததால்தான் இழப்பு குறைந்தது என்று விற்றவர்கள் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. முன்கூட்டியே சோதித்து வைரஸை நீக்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் 50 லட்சத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை அது நிரப்புமா? எனக்குத் தோன்றவில்லை. அதே 1992 அக்டோபரில் மெக்காஃபி நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. பயம் அந்த ஆண்டு நல்ல விலைக்குப் போயிற்று.

இத்தோடு நிறுத்தினால் "எல்லாம் ஏமாற்று வேலை" என்று முடித்துவிடலாம். அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருப்பேன். ஆனால் ஏழு ஆண்டு கழித்து இன்னொரு தேதி வந்தது.

1998ல் தைவானில் சென் யிங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர், கிட்டத்தட்ட நம் வயதுக்காரர், ஒரு வைரஸ் எழுதினார். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாவற்றையும் பிடிப்போம் என்று பெருமையடித்துக்கொண்டதைப் பொய்யாக்கிக் காட்டவே எழுதினேன் என்றார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அதை 'சி.ஐ.எச்.' என்பார்கள். 1999 ஏப்ரல் 26 அன்று அது வெடித்தது. அதுவே செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் 'செர்னோபில் வைரஸ்' என்றும் பெயர். ஹார்டு டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு நிற்கவில்லை. பல கணினிகளில் மதர்போர்டில் உள்ள பயாஸையும் அழித்துவிட்டது. பட்டனை அமுக்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். தென்கொரியாவில் மட்டும் லட்சக்கணக்கான கணினிகள் போயின, இந்தியாவும் தப்பவில்லை. 1992ல் இருந்த கூச்சல் இதற்கு முன்பு இல்லை.

அப்படியென்றால் ஆன்டிவைரஸ் ஏன் கோட்டை விடுகிறது? அதன் பழைய முறை எளிமையானது. போலீஸ் ஸ்டேஷனில் தேடப்படும் குற்றவாளிகளின் படங்களை ஒட்டி வைத்திருப்பார்களே, அதேபோல் ஒவ்வொரு வைரஸின் அடையாளத்தையும் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். படத்தில் இருக்கிறவன் வந்தால் பிடிக்கும். புதிதாக வருகிறவன் முதல் நாள் உள்ளே நடந்து போய்விடுவான். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' இமெயில் இப்படித்தான் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றியது. காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தால் கணினியில் உள்ள படங்கள் அழியும். பிறகு நிரலின் நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படும் முறைகள் வந்தன. இன்றைய மென்பொருள்கள் பழையதை விட எவ்வளவோ தேவலை. ஆனாலும் எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்று ஃப்ரெட் கோஹன் என்ற ஆய்வாளர் 1980களிலேயே கணித முறையில் நிரூபித்துவிட்டார். நூறு சதவீதப் பாதுகாப்பு என்று பெட்டியில் போட்டிருந்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படித்துக்கொண்டே வரும்போது என் நோட்டில் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். கணக்குப் பாடத்துக்காரன் புத்தி!

2003 ஜூலை 16: விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இலவசத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11: அதே ஓட்டை வழியாக 'பிளாஸ்டர்' நுழைந்தது. நடுவில் 26 நாள். அறுபது வினாடியில் கணினி அணைந்துவிடும் என்று திரையில் எண்ணிக்கை ஓடுமாம், அந்தக் கால அண்ணன்மார்களுக்கு நினைவிருக்கலாம்.

2008 அக்டோபர் 23: இன்னொரு ஓட்டைக்குத் திருத்தம். ஒரு மாதத்துக்குள் 'கான்ஃபிக்கர்'. இது பிறகு பென்டிரைவ் வழியாகவும் பரவியது.

2017 மார்ச் 14: திருத்தம். மே 12: 'வான்னாக்ரை'. நடுவில் 59 நாள். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின.

மூன்று முறையும் பூட்டு முன்பே வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. மாட்டாதவர்கள் வீட்டில்தான் கொள்ளை போனது.

இதை எழுதிய இரவுதான் எனக்குச் சந்தேகம் வந்து அப்பாவின் கணினியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாக அப்டேட் ஆகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது! விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தவர், "ஸ்லோ ஆயிடும் சார்" என்று சொல்லி அதை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பதினான்கு மாதமும் அப்பா ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டி நிம்மதியாக இருந்திருக்கிறார். வாசலில் காவலாளி, கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது. ஐந்து கடைக்காரர்களின் கணக்கு உள்ளே. நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது.

சரி, எந்த ஆன்டிவைரஸ்? மைக்ரோசாஃப்ட் 2009ல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று இலவசமாக ஒன்றைக் கொடுத்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'டிஃபெண்டர்' என்ற பெயரில் ஆன்டிவைரஸ் கணினியோடேயே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் காலாவதியாகி நீக்கப்பட்டால் இது தானாக வேலையைத் தொடங்கும். விற்பவன் பேச்சை நம்ப வேண்டாம் என்றால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் பல ஆன்டிவைரஸ்களை ஒப்பிட்டுச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன, இலவசமாகப் பார்க்கலாம். டிஃபெண்டர் அங்கே பல ஆண்டுகளாக நல்ல மதிப்பெண் வாங்குகிறது. காசு கொடுத்து வாங்குவதில் தவறில்லை. ஆனால் இரண்டை ஒரே கணினியில் போட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கணினிதான் திணறும்.

இன்னொன்றும் உண்டு. ஆன்டிவைரஸுக்கு நாம் வீட்டின் எல்லாச் சாவியையும் கொடுக்கிறோம். அது தடுக்கி விழுந்தால் வீடே விழும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது; கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அது இந்தக் கூத்துதான். 1992ல் பத்திரிகைகள் சொன்ன 50 லட்சத்தை அந்த வைரஸ் தொடவில்லை, ஒரு பாதுகாப்பு மென்பொருள் தாண்டிவிட்டது!

அப்பாவின் கணினியில் அப்டேட்டை ஓடவிட்டேன். சாயங்காலம் வரை ஓடியது. காலாவதியானதை நீக்கிவிட்டு டிஃபெண்டரை இயங்கவிட்டேன். புதுப்பிக்க வைத்திருந்த பணத்தோடு என் பாக்கெட் மணியையும் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினோம். கணக்கெல்லாம் அதில் ஒரு காப்பி. காப்பி எடுத்ததும் கேபிளைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாட்டியே வைத்தால் வான்னாக்ரை மாதிரி ஒன்று வந்து அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். "சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துடறேன்" என்றார் அப்பா. இதுவரை மூன்று சனிக்கிழமை எடுத்திருக்கிறார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அவருடையது விண்டோஸ் 10. அதற்கான இலவசத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் நீட்டிப்பு. பதிவு செய்துவிட்டேன். ஆனால் இந்தப் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காது என்று அதுவே சொல்கிறது. வேறு கணினி வாங்க வேண்டியிருக்கும் என்பதை அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.