வலி கற்பித்ததும் விதி கற்பித்ததும்: சுடுதளப் பாதுகாப்பு உடையின் வரலாறு

துப்பாக்கி சுடுதளத்துக்குள் நுழையும் எவரும் இன்று கண்ணாடி அணிந்து, காதுகளை அடைத்து, கழுத்தை ஒட்டிய மேற்சட்டையும் விரல்களை முழுதாக மூடும் காலணியும் போட்டுக்கொண்ட பிறகே, சுடுபவர்கள் இலக்கை நோக்கி நிற்கும் சுடுவரிசைக்கு அனுமதிக்கப்படுகிறார். ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பதால் இவை யாவும் ஒரே காலத்தில் தோன்றியவை போலத் தெரிந்தாலும், இவற்றுள் சிலவற்றின் மூதாதைகள் நான்காயிரம் ஆண்டுப் பழமை உடையவை. வேறு சில ஓரிரு தலைமுறைக்கு முன்னர்தான் வழக்கத்துக்கு வந்தன. இந்தக் கால இடைவெளிக்குத் தொழில்நுட்பக் குறைவு மட்டும் காரணம் அன்று. எந்தக் காயம் உடனே வலித்ததோ அதற்கான காப்பு கருவியோடு சேர்ந்தே பிறந்தது. எந்தக் காயம் ஓசைப்படாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததோ அதற்கான காப்பு நூற்றாண்டுகள் தாமதித்து, மருத்துவரின் ஆய்வும் அரசின் ஆணையும் சொன்ன பிறகே உடலில் ஏறியது.

முதல் வகைக்கு வில்லாளியின் முன்கைக் காப்பு தெளிவான சான்று. அம்பை விட்டதும் முன்னோக்கிப் பாயும் நாண், வில்லைப் பிடித்த கையின் உட்புறத்தில் அறையும்போது தோல் கன்றிப்போகும் என்பதால், அந்த இடத்தை மூடும் தகட்டின் தேவையை யாரும் எவருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் உள்ள ஏம்ஸ்பரியில் 2002இல் அகழப்பட்ட, ஏறத்தாழ கி.மு. 2300ஐச் சேர்ந்த ஒரு கல்லறையில், அம்புமுனைகளோடு கல்லால் இழைத்த இரண்டு மணிக்கட்டுக் காப்புகளும் கிடைத்தன. இத்தகைய கற்காப்புகளுள் சில பயன்பாட்டுக்கு மட்டுமின்றி மதிப்பின் அடையாளமாகவும் அணியப்பட்டிருக்கலாம் என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். அவ்வாறாயினும், அணிகலனாக உயரும் அளவுக்கு அந்தக் காப்பு அன்றாட வழக்கில் ஊன்றியிருந்தது என்பதே அதிலிருந்து பெறப்படும் செய்தி.

இந்தியக் காப்பிய மரபிலும் இதே நிலையைக் காணலாம். உடும்புத் தோலால் ஆன முன்கைக் கட்டும் விரல் உறையும் வால்மீகி இராமாயணத்திலும் மகாபாரதத்திலும் போர்வீரனின் இயல்பான கோலமாகப் பேசப்படுகின்றன. நாணைக் கட்டைவிரலால் இழுக்கும் முறை நிலவிய துருக்கி, பாரசீகம், சீனம், முகலாய இந்தியா ஆகிய இடங்களில் எலும்பாலும் கொம்பாலும் பச்சைமணிக் கல்லாலும் செய்த கட்டைவிரல் வளையங்கள் புழங்கின. இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு 1363இல் பிறப்பித்த ஆணைப்படி ஆண்கள் விழா நாள்களில் வில் பழக வேண்டியிருந்தது. இதற்கென ஊர்தோறும் அமைந்த மண்மேட்டு இலக்குகளே பிற்காலச் சுடுதளத்தின் முன்னோடிகள். 1545இல் வெளியான வில்வித்தை நூலான டாக்சோஃபிலஸில் ரோஜர் ஆஸ்கம் முன்கைக் காப்புக்கு இரண்டு பயன்களைக் கூறுகிறார்: கையையும் சட்டையையும் நாணின் அடியிலிருந்து காப்பது ஒன்று, நாண் அதன்மேல் வழுக்கி விரைவாக விலகுவதால் எய்தல் கூர்மை பெறுவது மற்றொன்று. அதே 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலிலிருந்து, இருபதுக்கு மேற்பட்ட இத்தகைய காப்புகள், பெரும்பாலும் தோலால் ஆனவை, கிடைத்திருக்கின்றன.

வெடிமருந்தின் வருகை காயங்களின் தன்மையை மாற்றியது. தீக்கல் துப்பாக்கியில் பற்றவைப்பு மருந்து முகத்துக்கு ஒரு சாண் தொலைவிலேயே எரிந்ததால், தீப்பொறி தெறிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வதோ தலையைத் திருப்புவதோ படைவீரர்களிடம் பரவலாக இருந்தது. குறி தவறினாலும் கண் தப்பியது. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் உரிமம் பெற்ற, அடித்தால் வெடிக்கும் மருந்துமுறையிலிருந்து பின்னர் உருவான கேப், அதாவது சுத்தியல் அடித்ததும் வெடித்து உள்மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்பு மூடி, இந்தத் தீச்சுடரைக் குறைத்தது. ஆனால் அந்த மூடி சில வேளைகளில் சிதறி அதன் துணுக்குகள் கண்ணில் பாய்ந்தன. நாணடியைப் போல ஒவ்வொரு முறையும் நிகழாமல் எப்போதாவது நேரும் விபத்தாக இருந்தமையால், இதற்கென ஒரு காப்புக் கண்ணாடி பொது வழக்காகவில்லை.

முறைப்படுத்தப்பட்ட நவீன சுடுதளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருப்பெற்றது. பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859இல் தொடங்கப்பட்டு, அதன் முதல் போட்டி 1860 ஜூலையில் இலண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் நடைபெற்றது. அங்கு விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்ட முறை கவனத்துக்குரியது. விட்வொர்த் ரைஃபிள் ஒன்று இரும்புத் தாங்கியில் முன்கூட்டியே குறிபார்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. அரசி அதைத் தோளில் ஏந்தாமல், விசையோடு கட்டிய பட்டுக் கயிற்றை மட்டும் இழுத்தார். 400 கெஜத் தொலைவில் இருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் குண்டு தைத்தது. துப்பாக்கியின் பின்னுதைப்பு அரசியின் தோளைத் தொடாதபடி பார்த்துக்கொண்ட அந்த ஏற்பாட்டில் காதுகளைப் பற்றிய நினைப்பே இல்லை. 1890இல் இந்தப் போட்டிகள் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்கு இடம் மாறின; அமெரிக்கச் சங்கம் 1871இல் உருவாகி, லாங் ஐலண்டில் கிரீட்மோர் தளத்தை 1873இல் திறந்தது. குண்டைத் தடுக்கும் மண்சுவர், இலக்கைக் கவனிப்பவர் பதுங்கும் மறைவிடம், அபாயத்தை அறிவிக்கும் சிவப்புக் கொடி எனத் தளத்தின் அமைப்பு முழுவதும் குண்டு பாயும் திசையில் இருப்பவரைக் காப்பதற்கே திட்டமிடப்பட்டது. துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பவரும் காக்கப்பட வேண்டியவர் என்ற எண்ணம், தோளிலும் முழங்கையிலும் தைத்த தோல் திண்டோடு நின்றுவிட்டது. ஏனெனில் பின்னுதைப்பும் சரளைத் தரையும் அந்த இரண்டு இடங்களிலேயே உடனே வலித்தன.

காது கெடுகிறது என்பது எவருக்கும் தெரியாத செய்தியாக இருக்கவில்லை. 1782 ஏப்ரலில் கரீபியக் கடலில் நடந்த செயின்ட்ஸ் போரில், தம் கப்பலின் பீரங்கிகள் எண்பது சுற்றுகள் முழங்கியதை அடுத்து, தளபதி ராட்னி இரு வாரங்கள் செவிடாக இருந்தார் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. 1831இல் ஜான் ஃபாஸ்புரோக் என்ற மருத்துவர் கொல்லர்களின் செவிட்டுத்தன்மைக்கு இடைவிடாத ஓசையே காரணம் என்று எழுதினார். 1886இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து, அவர்களுள் ஒருவருக்குக்கூட இயல்பான கேட்கும் திறன் எஞ்சியிருக்கவில்லை என்று கண்டார். இவ்வளவு தெரிந்திருந்தும், சுட்ட பின் காதில் எழும் இரைச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிட்டதால், கேடும் அதனோடு நீங்கியது என்ற நம்பிக்கை நிலைத்தது.

இந்த நம்பிக்கை எந்த இடத்தில் பிழைபட்டது என்பதைப் பிற்கால உடலியல் விளக்கியது. உள்காதின் நத்தை எலும்புக்குள் காதொன்றுக்கு ஏறத்தாழ பதினைந்தாயிரம் மயிரணுக்கள், அதாவது ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய அணுக்கள், அமைந்துள்ளன. மிதிபட்ட நாற்று ஓரிரு முறை நிமிர்ந்து, மேலும் மிதிபட்டால் மடிவது போல, இவையும் தொடர் அதிர்ச்சியில் அழிகின்றன. அழிந்தவை மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. ஒலியழுத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் மூன்று அலகு கூடினால் ஆற்றல் இரு மடங்காகிறது. பாதுகாப்பு விதிகள் திடீர் ஓசைக்கு 140 டெசிபலை உச்சவரம்பாகக் கொள்ள, சிறிய .22 ரைஃபிளே அந்த எல்லையைத் தொடுகிறது, பெரிய துப்பாக்கிகள் 160ஐயும் கடக்கின்றன. வலத்தோளில் ரைஃபிளை ஏந்துபவரின் இடக்காது குழல்வாயை நோக்கியும் வலக்காது தலையின் மறைவிலும் இருப்பதால், அத்தகையோருக்கு இடக்காதே கூடுதலாகக் கெடுகிறது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்சுருதி ஒலிகள். பேச்சின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்க, மெய்யெழுத்துகளின் கூர்மை மட்டும் மழுங்குவதால், பாதிக்கப்பட்டவர் தம் காதைக் குறை சொல்லாமல் எதிரில் இருப்பவர் முணுமுணுப்பதாகவே எண்ணுகிறார்.

காதடைப்பான்களும் இதற்கிடையில் உருவாகிவந்தன. மாக்ஸ் நெக்வர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் 1907இல் மெழுகும் பஞ்சும் சேர்த்து ஓரோபாக்ஸ் என்ற அடைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது முதல் உலகப் போரில் ஜெர்மானிய வீரர்களிடையே பரவியது. பிரிட்டிஷ் பீரங்கிப் படையினருக்கு மாலக்-ஆம்ஸ்ட்ராங் அடைப்பான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளுக்கு வி-51ஆர் என்ற மென்ரப்பர் அடைப்பான் வழங்கப்பட்டது. ஆயினும் கட்டளையும் எதிரியின் காலடியும் காதில் விழாமல் போகும் என்ற அச்சத்தாலும், ஓசையைத் தாங்குவதே ஆண்மை என்ற மனப்பாங்காலும், வழங்கப்பட்டவை பெரும்பாலும் சட்டைப் பைகளிலேயே தங்கின. முதல் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. போர்க்களத்தில் கேட்பதும் உயிர்காப்பே. ஆனால் எதிரி இல்லாத சுடுதளத்துக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது விதியே. ஜெட் விமானங்களின் இரைச்சலை எதிர்கொண்ட அமெரிக்க விமானப்படை 1956இல் வெளியிட்ட 160-3 என்ற ஒழுங்குவிதி, காதுப் பரிசோதனையையும் காப்பையும் கடமையாக்கியது. 1983இல் அமெரிக்கத் தொழிலிடங்களுக்கான விதி எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலை எட்டினாலே கேள்திறன் பாதுகாப்புத் திட்டம் வேண்டும் என்று வகுத்தது. விரலால் உருட்டி மெலிதாக்கிக் காதுத்துளையில் நுழைத்தால் மெல்ல விரிந்து அதை நிரப்பும் நுரை அடைப்பான் 1960களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டு 1970களில் சந்தைக்கு வந்ததால், விதியைப் பின்பற்றுவதும் எளிதாயிற்று. எனினும் காப்பு இருப்பதும் அது காதில் சரியாகப் பொருந்துவதும் ஒன்றல்ல. அமெரிக்கப் படையினர் 2003 முதல் பயன்படுத்திய இருமுனைக் காதடைப்பான் ஒன்று சரியாகப் பொருந்தாமல் நழுவியது என்று இலட்சக்கணக்கானோர் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க, 3எம் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 600 கோடி டாலர் தர இசைந்தது.

கண்ணின் வரலாறு இடைநிலையானது. 1917ஐ ஒட்டி, தவறான வெப்பப் பதப்படுத்தலால் நொறுங்கும் தன்மை பெற்ற ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் சில சுடுபவர் கையிலேயே வெடித்தபோது, முகத்துக்கு எதிரே இருக்கும் உலோகம் எவ்வளவு நம்பத்தகாதது என்பது வெளிப்பட்டது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் அதுவே கண்ணைக் கிழிக்கும் என்ற தடையை, 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட பாலிகார்பனேட் என்ற எளிதில் உடையாத நெகிழி நீக்கியது. விளிம்புத் தொப்பியும் மூடிய கழுத்துப்பட்டையும் இதைவிடச் சிறிய காரணத்துக்கானவை. தானியங்கித் துப்பாக்கி வெளியே எறியும் சூடான வெற்றுத் தோட்டா உறை, திறந்த கழுத்து வழியே சட்டைக்குள் விழுந்தால், அணிந்தவர் துள்ளும்போது கையிலுள்ள துப்பாக்கியும் சேர்ந்து திரும்புகிறது. ஆகவே தோலில் ஏற்படும் சிறு சூட்டைவிட, அதனால் திசை மாறும் குழல்வாயே அஞ்சத்தக்கது.

வலியைத் தடுக்க வந்த உடை சில இடங்களில் எல்லை மீறியதும் உண்டு. ரைஃபிள் போட்டியாளரின் கான்வாஸ் மேலங்கி மெல்லமெல்லத் தடித்து, உடலை அசையாமல் தாங்கிப்பிடிக்கும் சட்டகமாக மாறியதால், 1907இல் தோன்றிய சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம், துணி ஒற்றையாக 2.5 மில்லிமீட்டருக்கும் இரட்டையாக 5 மில்லிமீட்டருக்கும் மேல் தடிக்கலாகாது என வரம்பிட்டு, விறைப்பையும் கருவி கொண்டு அளக்கிறது. ஆஸ்கம் கூறிய இரட்டைப் பயனில், காப்பதை அனுமதித்து, திறன் கூட்டுவதை மட்டும் இந்த விதி கட்டுப்படுத்துகிறது.

மிக அண்மையில் கவனம் பெற்ற தீங்கு ஈயம். தோட்டாவின் அடியில் உள்ள எரிமூட்டி மருந்திலும் குண்டிலும் ஈயம் கலந்திருப்பதால், ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயத்தூள் காற்றில் கலந்து, குறிப்பாகக் கூரையிட்ட தளங்களில், கை, தலைமுடி, உடை ஆகியவற்றில் படிகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்சரிக்கை, ஈயத்தையும் ஓசையையும் கூரையிட்ட தளங்களின் இரட்டைக் கேடுகளாக ஒன்றாக வைத்துப் பேசி, கைகழுவவும், உடையையும் காலணியையும் தளத்திலேயே மாற்றவும், அவற்றை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்கவும் வலியுறுத்துகிறது. இங்கே பாதிக்கப்படக்கூடியவர் சுடுபவர் மட்டுமல்லர், அவர் வீட்டில் தவழும் குழந்தையுமே. வில்லாளியின் கை அவருக்கே வலித்தது. ரைஃபிள்காரரின் காது பல ஆண்டு கழித்தேனும் அவருக்கே கெட்டது. ஈயமோ துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவரின் இரத்தத்தில் போய்ச் சேருகிறது. தன் வலியோ தன் இழப்போ எச்சரிக்க முடியாத இந்த இடத்தில் தனிமனித விருப்பம் போதுமான காவலாகாது என்பதால்தான், சரியான உடையை அணிவதோடு அதை எங்கே களைவது என்பதையும் சுடுதளத்தின் ஒழுங்குவிதி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது.