கையால் அழுத்திய மூச்சு

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதலில் கோபன்ஹேகன் கதையைத்தான் சொல்வேன்.

1952-இல் அந்த ஊரில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சு முடங்கி வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள், அவர்களில் பெரும்பாலோர் மூன்றே நாளில். ஆகஸ்ட் 27 அன்று, 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் ரப்பர் பையைக் கையால் அழுத்தி அவளுக்குக் காற்றைச் செலுத்தினார். பிழைத்தாள். போதுமான இயந்திரம் ஏது? ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இராப்பகலாகப் பை அழுத்தினார்கள். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இப்படித் தொடங்கிய தீவிர சிகிச்சைக்கு, 1955-இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் யோரான் ஹாக்லுண்ட் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1967-இல் பிலடெல்பியாவில் ஜான் டவுன்ஸ்.

தனிப் பிரிவு எதற்கு என்பது விபத்தில் அடிபட்டு வரும் பிள்ளையைப் பார்த்தால் புரியும். பத்து கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். ஒரு டம்ளர் போனால் கால் பங்கு போய்விட்டது. ஆனாலும் ரத்த அழுத்தம் வெகுநேரம் சரியாகவே காட்டும், பிறகு சட்டென்று விழும். அதனால், "அழுத்தத்தை மட்டும் நம்பாதேம்மா, நாடி வேகத்தைப் பார், பாதம் சில்லிட்டிருக்கிறதா தொட்டுப் பார், நகத்தை அழுத்திவிட்டுச் சிவப்பு திரும்பும் நேரத்தை எண்ணு" என்பேன்.