உள்நாட்டு விவகாரம் என்னும் பூட்டு

தோழர்களே, வெளியுறவுக் கொள்கைக்கும் சேரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. வரலாறு பதில் சொல்கிறது.

1946இல் தென்னாப்பிரிக்கா, நேட்டால் இந்தியர்களின் நில உரிமையைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. அவர்களில் பலர் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வாரிசுகள். இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார் பிரதமர் ஸ்மட்ஸ். விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு அதை ஏற்கவில்லை. டிசம்பர் 8 அன்று பொதுச்சபைத் தீர்மானம் இந்தியாவின் பக்கம் நின்றது.

1965இல் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாவே. ஆனால் 1996இல் அதே உடன்படிக்கையின் குழு முன், சாதி அதில் அடங்காது என்றது. 2001இல் அதே நேட்டாலின் டர்பன் நகரில் இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு கூடியது. அங்கே சாதியைப் பேசக் கூடாது, அது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. ஸ்மட்ஸின் பூட்டு கைமாறியிருந்தது.

இதில் வியக்க ஒன்றுமில்லை, அரசு தன் நலனையே பார்க்கும் என்பார்கள் யதார்த்தவாதக் கோட்பாட்டாளர்கள். யாருடைய நலன் என்று நாம் கேட்கிறோம். அரசை ஒரே உடம்பாகக் காணும் அந்தக் கோட்பாடு, அதற்குள் ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைக் காண்பதில்லை.

டர்பனுக்குச் சென்ற தலித் இயக்கத்தார் அரசைத் தாண்டி உலகிடம் பேசினார்கள். மாநாட்டு அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. ஆனால் மறு ஆண்டே அந்த ஐ.நா. குழு, வம்சாவளிப் பாகுபாடு சாதியையும் உள்ளடக்கும் என்று தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் எழுதியது. அந்த வரியை மாணவர்கள் படித்து வையுங்கள். அடுத்த முறையீட்டுக்கு அது தேவைப்படும்.