அடையாற்றில் ஏற்றிய விளக்கு



நம் மாநிலத்தின் பெயரே பாக்கிலிருந்து பிறந்தது. மலாய் மொழியில் பினாங் என்றால் பாக்கு. வெற்றிலை பாக்கு நமக்கு மங்கலப் பொருள். அது இல்லாமல் நம் வீட்டில் நிச்சயதார்த்தம் இல்லை. ஆனால் பால்மரக் காட்டில் களைப்புத் தீர, அதோடு புகையிலையும் சேர்த்து வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் வேரூன்றியது. மலேசிய இந்தியரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, வாய்ப்புற்று மிகுதியாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். அந்தக் கொடிய நோயோடு 65 ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாற்றை இன்று காண்போம்.

சென்னை மயிலாப்பூரில் 1927ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் வி. சாந்தா. விஞ்ஞானி சி. வி. இராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1949இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டமும் பெற்றார். அரசாங்க மருத்துவமனையில் நல்ல உத்தியோகம் அவருக்காகக் காத்திருந்தது. அவரோ வேறு வழியில் நடந்தார்.

அந்த வழியைத் திறந்து வைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று உறுதி பூண்டார். புற்றுநோய் வந்தால் மக்கள் சாகத்தானே போகிறார்கள், அதற்கு மருத்துவமனை எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தோரே கேட்ட காலம் அது. அவர் சளைக்கவில்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955இல் சாந்தா அங்கே சேர்ந்தார். முதல் சில ஆண்டுகள் சம்பளம் இல்லை. மருத்துவமனை வளாகமே அவருக்கு வீடாயிற்று. அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை.

சாகத்தானே போகிறார்கள் என்ற பேச்சுக்கு அவர் செயலால் விடை சொன்னார். முற்றிய வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு மட்டும் போதவில்லை என்று கண்டு, கிருஷ்ணமூர்த்தியும் அவரும் 1970களில் மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்துக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பலன் கூடியது. குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு எழுந்தது. 1980இல் நிறுவனத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு, சென்னையில் யாருக்கு எவ்வகைப் புற்று வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவேடு தொடங்கியது. நோயின் கணக்குத் தெரியாமல் நோயை வெல்ல முடியுமா? 1984இல் புற்றுநோய் நிபுணர்களை உருவாக்கும் கல்லூரியும் வந்தது.

நிர்வாகி என்ற முறையில் அவர் காத்த விதி ஒன்று உண்டு: பணமில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வசதியுள்ளவர் பணம் கட்டினர். ஏழைகள் இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை பெற்றனர். பன்னிரண்டு படுக்கைகள் நானூறுக்கு மேலாகப் பெருகின. 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 2021ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், தம் 93ஆம் வயதில் காலமானார்.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? புற்றுநோய் தலைவிதி அன்று. காலம் கடத்துவதே ஆபத்து. வாயில் புண் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிகிறதா? வாயைத் திறக்கச் சிரமமா? கைமருந்து போட்டு மறைக்க வேண்டாம். அரசாங்கப் பல் மருத்துவரிடம் காட்டுவோம். மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டால், வெட்கப்பட்டு மூடி வைக்காமல் டாக்டரிடம் சொல்வோம். கருப்பை வாய்ப்புற்றைத் தடுக்கும் ஊசி 2010 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்குப் போடப்படுகிறது. சம்மதக் கடிதம் வரும்போது பெற்றோர் தயங்காமல் கையெழுத்திட வேண்டும்.

தாம்பூலத் தட்டு மங்கலத்தின் அடையாளமாக இருக்கட்டும். புகையிலையும் பாக்கும் நம் வாயில் குடியிருக்க வேண்டாம்.