எல்லைப்புற நாடகங்களும் அவற்றின் விளம்பரமும்

எல்லைப்புற நாடகம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பிரதேசத்தில் வெள்ளையர் குடியேற்றம் முன்னேற முன்னேறப் பூர்வகுடி மக்கள் தம் நிலத்தினின்று விரட்டப்பட்டு வந்த காலத்திலேயே, அந்தப் போராட்டத்தை வீரசாகசக் கதையாக்கிக் கிழக்கு நகரங்களின் அரங்குகளில் கட்டணம் பெற்றுக் காட்டிய நாடகவகையாகும். 1870களில் அது பெற்ற பெருஞ்செல்வாக்குக்கு நாடகங்களின் இலக்கியத் தரம் காரணமன்று. பெரும்பாலானவை மிகச் சாதாரணமான படைப்புகளே. காரணத்தை விளம்பரத்தில்தான் தேடவேண்டும்.

1869-இல் கண்டங்கடந்த இருப்புப்பாதை பூர்த்தியாயிற்று. ரயில் வசதி பெருகியதால், ஒரே நாடகத்தை ஏந்திக்கொண்டு பருவம் முழுவதும் ஊர் ஊராகச் செல்லும் சுற்றுக் குழுக்கள் அந்நாட்டில் மிகுந்தன. குழு வந்திறங்குவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே அதன் ஏஜெண்டு தனியே ஊருக்குள் வந்துவிடுவார். கொட்டகை முதலாளியோடு ஒப்பந்தத்தை உறுதி செய்வதும், பத்திரிகையாசிரியர்களைச் சந்தித்து விளம்பரத்தோடு சேர்த்துப் புகழுரையும் வெளிவர ஏற்பாடு செய்வதும், கடை ஜன்னலில் சுவரொட்டி வைக்க இடந்தந்த வியாபாரிக்கு இலவச டிக்கெட் கொடுப்பதும் அவர் வேலை. பல வண்ணங்களில் அச்சிட வழிசெய்த கல்லச்சுமுறை அவருக்குக் கிடைத்த பெரும் ஆயுதம். எழுத்தறியாதவனையும் அது தெருவில் நின்று பார்க்கவைத்துவிடும்.

இவ்வகையின் தலையாய உதாரணம் பஃபலோ பில் என்று பெயர்பெற்ற வில்லியம் கோடியின் குழு. ராணுவத்துக்கு வழிகாட்டியாகவும் காட்டெருமை வேட்டைக்காரராகவும் இருந்த அவரை, நெட் பன்ட்லைன் என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்டு ஜட்ஸன் 1869-இல் ஒரு தொடர்கதையின் நாயகனாக்கினார். 1872 டிசம்பரில், பன்ட்லைனே எழுதிய ‘புல்வெளியின் வேவுகாரர்கள்’ சிகாகோ நகரில் அரங்கேறியது. கதையில் கண்ட நாயகன் தானே நேரில் வருகிறான் என்பதே அதன் முதன்மையான விளம்பரம். நடிகன் வேடம் போடுவதைப் பார்த்துச் சலித்திருந்த ஜனங்களுக்கு, வேடமே இல்லாதவன் நடிக்கிறான் என்பது புதுமையாக இருந்தது. உடன் நடித்தவர்கள் டெக்ஸஸ் ஜாக் என்னும் மற்றொரு வேவுகாரரும், இத்தாலிய நாட்டியக்காரியான ஜுஸெப்பினா மோர்லாக்கியும் ஆவர். பூர்வகுடியினராக வந்தவர்களோ நகரத்தில் கூலிக்குப் பிடித்த ஆட்கள்!

முதல் இரவில் கோடி மேடையேறியதும் பாடம் முழுவதும் மறந்துபோயிற்று. உடன் மேடையிலிருந்த பன்ட்லைன் சமயோசிதமாக, ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’ என்ற கருத்தில் கேட்டுவைக்க, சபையில் அமர்ந்திருந்த ஓர் உள்ளூர்ப் பிரமுகரைக் கண்ட கோடி, அவரோடு வேட்டைக்குப் போயிருந்ததாகச் சொல்லி அந்தக் கதையையே விவரிக்கலானார்; சபை ஆரவாரித்தது. நான்கு மணி நேரத்தில் எழுதப்பட்டதாம் இந்நாடகம், அவ்வளவு நேரமும் ஆசிரியர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்ற பொருள்பட ஒரு பத்திரிகை கேலி செய்ததைக் கோடியே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதுகிறார். ஏளனமும் இலவச விளம்பரம் என்று அவர் அறிந்துகொண்டார் போலும். வசூல் குறையவில்லை. அடுத்த பருவத்தில் புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கும் குழுவில் சேர்ந்தார். ஆனால் மேடை விளக்கும் பொய்யான வசனமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பருவம் முடியுமுன்பே விலகிவிட்டார்.

வாழ்க்கையே விளம்பரத்துக்குக் கச்சாப்பொருளாக மாறியது 1876-இல். அவ்வாண்டு கோடி நடிப்பை நிறுத்தி, ராணுவத்தின் ஐந்தாம் குதிரைப்படைக்கு வழிகாட்டியாகச் சென்றார். ஜூன் 25-இல் பூர்வகுடியினரோடு நடந்த போரில் ராணுவத் தளபதி ஜெனரல் கஸ்டர் தம் படையோடு மாண்டார். அந்தப் போரின் தொடர்ச்சியாக ஜூலை 17-இல் நெப்ராஸ்காவின் வார்பானெட் ஓடைக்கரையில், மஞ்சள்முடி என்னும் ஷையன் வீரனைக் கொன்று, அவன் தலைத்தோலைக் கோடி உரித்தெடுத்தார். அப்போது அவர் உடுத்தியிருந்தது வெள்ளிப் பொத்தான்கள் பதித்த கறுப்பு வெல்வெட்டு நாடக உடை என்பர். போர்க்களத்தில் அணிந்த அதே உடையோடு மேடையில் தோன்றும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. சில மாதங்களிலேயே அச்சம்பவம் ‘சிவந்த வலக்கை’ என்ற நாடகமாயிற்று. தலைத்தோலும் இறகுக் கிரீடமும் கடை ஜன்னல்களில் காட்சிக்கு வைக்கப்பட, நியூ இங்கிலாந்துப் பகுதியில் பாதிரிமாரும் பத்திரிகைகளும் கண்டனம் தெரிவித்தனர். அந்தக் கண்டனம் நியாயமானதே. இறந்தவன் ஒருவனின் உடற்பகுதியைக் கொண்டு டிக்கெட் விற்பதை எந்த வீரமும் மறைத்துவிடாது.

கோடியின் விளம்பரத்தை நெடுங்காலம் நடத்தியவர் ஜான் பர்க். ‘அரிசோனா ஜான்’ என்ற பட்டமும், தோள்வரை தொங்கும் கேசமும், பத்திரிகையாளரை விருந்துக்கு அழைக்கும் தாராளமும் உடைய அவர், தம் முதலாளியைத் தேசசரித்திரத்தின் சின்னமாகவே வருணித்து வந்தார். 1883-இல் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில், குதிரைகளும் காட்டெருமைகளும் தபால் கோச்சு வண்டியும் கொண்ட திறந்தவெளிக் காட்சியைக் கோடி தொடங்கினார். மேடை நாடகமோ சில ஆண்டுகள் அதனுடன் நடந்து, 1886-க்குப்பின் கைவிடப்பட்டது. விளம்பர முறைகள் மட்டும் அப்படியே புதிய காட்சிக்கு இடம் பெயர்ந்தன.

1885-இல் லக்கோட்டா தலைவர் சிட்டிங் புல் அக்காட்சியில் சேர்ந்தார். வாரத்துக்கு 50 டாலர் சம்பளமும் 125 டாலர் முன்பணமும் பேசிய அவர், தம் புகைப்படங்களையும் கையொப்பத்தையும் விற்கும் உரிமை தமக்கு மட்டுமே உரியது என்று ஒப்பந்தத்தில் எழுதுவித்துக்கொண்டார்.