உவர் நிலத்தில் விதைக்குமுன்: விதையை ஊறவைத்து உலர்த்தும் முறை

உவர் ஏறிய வயலில் விதை சரிவர முளைக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மண்ணில் கரைந்துள்ள உப்பு நீரை இழுத்து வைத்திருப்பதால், நிலம் ஈரமாக இருந்தாலும் விதைக்குப் போதிய நீர் கிடைப்பதில்லை. உள்ளே நுழையும் சோடியமும் குளோரைட்டும் இளம் முளைக்கு நஞ்சாகின்றன. இதனால் பயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே எழும்புகிறது.

இதற்குச் செலவு குறைந்த ஒரு முன்னேற்பாடு உண்டு. விதைக்குமுன் விதையை நல்ல நீரில் ஊறவைத்து, முளை வெளிவருமுன் எடுத்து உலர்த்தி விதைப்பதே அது. பாசன நிலங்கள் உவர்ப்பட்ட பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் கோதுமையில் இம்முறை நிறைய ஆராயப்பட்டுள்ளது.

ஊறும்போது விதைக்குள் நொதியங்கள் செயற்படத் தொடங்கி, சேமித்த மாப்பொருள் வெல்லமாக மாறுகிறது. அந்நிலையில் உலர்த்தினாலும் தொடங்கிய வேலை வீணாவதில்லை. வயலில் ஈரம் கண்டதும் விதை விரைவாகவும் ஒரே சீராகவும் முளைக்கிறது. சில ஆய்வுகளில் நீருக்குப் பதிலாகக் கல்சியம் குளோரைட்டுக் கரைசல் பயன்படுகிறது. கல்சியம் கலமென்சவ்வைக் காத்து, சோடியம் உட்புகுவதைக் குறைக்கும்.

செய்யும் விதம்

- விதையை நீரில் இட்டு, மிதக்கும் பதரை அகற்றவும்.
- கோதுமையை ஓர் இரவு, ஏறத்தாழ 12 மணித்தியாலம் ஊறவிடவும். உவர்க் கிணற்று நீர் வேண்டாம்.
- நீரை வடித்து, நிழலில் சாக்கின்மேல் பரப்பி உலர்த்தவும்.
- தாமதமின்றி விதைக்கவும். வேர் வெளிவந்தபின் உலர்த்தினால் முளை செத்துவிடும்.

எமது வயல்களுக்கு

எமது பயிர் நெல். அது கோதுமையைவிட உவரைத் தாங்காதது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 6 டெசிசீமென்சைத் தாண்டும்போதுதான் கோதுமை விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லுக்கு அந்த எல்லை 3 மட்டுமே. நெல் முளைக்கும் வேளையில் ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் அதிகம் பாதிக்கப்படும். ஆகவே விதை நேர்த்தி தொடக்கத்துக்கு மட்டுமே கைகொடுக்கும். உவரைத் தாங்கவென உருவாக்கப்பட்ட ஏ.டி. 354 போன்ற இனத்துடன் சேர்த்துச் செய்வதே பயன் தரும்.

சேற்று விதைப்புக்கு நெல்லை முளைகட்டுவது எமக்குப் பழக்கமானதே. இதில் முளை வருமுன் நிறுத்துவதுதான் வேறுபாடு. மழைக்கு முன் புழுதியில் விதைப்போர் கவனிக்க வேண்டும்: ஊறிய விதை காய்ந்த மண்ணில் நாட்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். ஈரம் உறுதியான பின்னரே அதை விதைக்கலாம்.

போர்க்காலத்தில் தொண்டைமானாறு, அரியாலை உவர்நீர்த் தடுப்பணைகள் பராமரிப்பின்றிப் பழுதடைந்தன. 2004 ஆழிப்பேரலை கரையோர வயல்களில் உப்பை விட்டுச்சென்றது. இடம்பெயர்வால் கைவிடப்பட்ட வயல்களில் வரம்புகள் சிதைந்ததால், மழைநீர் தேங்கி உப்பைக் கழுவும் வழியும் இல்லாமற் போனது. இவற்றை ஊறவைத்த விதை சரிசெய்யாது. அணையும் வடிகாலும் அரசின் பொறுப்பு; அதைக் கேட்கும் உரிமை மீளக்குடியேறிய விவசாயிக்கு உண்டு.

கடன்பட்டு விதைநெல் வாங்குபவர் முழு வயலிலும் ஒரேயடியாக இதைச் செய்ய வேண்டியதில்லை. முதற் போகத்தில் ஒரு பாத்தியில் நேர்த்தி செய்த விதையையும் அடுத்த பாத்தியில் சாதாரண விதையையும் இட்டு, இரண்டு வாரத்தில் பயிர்களை எண்ணிப் பார்க்கலாம். மண்ணின் உவர் அளவை அறிய, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.